எல்லாக் கூந்தலுக்கும் ஒரே குறிப்பு பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் வரும் கூந்தல் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். அவற்றுள் பெரும்பாலானவை எல்லோருடைய முடியும் ஒரே விதமானது என்று வைத்துக்கொண்டே எழுதப்படுகின்றன. ஒரே எண்ணெய் அக்காவின் முடிக்கு மினுமினுப்பையும் தங்கையின் முடிக்கு வெறும் பிசுபிசுப்பையும் தருவதற்கு முடியின் நுண்துளைத் தன்மை, அதாவது நீரையும் எண்ணெயையும் அது எவ்வளவு உள்வாங்கி எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பது, ஒரு முக்கியக் காரணம்.

முடியிழையின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள், நம் பக்கத்து ஓட்டு வீடுகளின் கூரையைப் போல, ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. இறுகப் படிந்திருந்தால் நீர் துளித்துளியாக நிற்கும். நனையவும் உலரவும் நேரமாகும். எண்ணெய் மேலேயே தங்கும். ப்ளீச், கலரிங், ஸ்ட்ரெய்ட்டனிங், கடும் வெயில் ஆகியவற்றால் செதில்கள் விரிந்தும் உடைந்தும் போன முடியோ நீரை உடனே இழுத்துக்கொண்டு, விரைவில் வறண்டு சிக்காகிவிடும். ஒரே தலையிலும் வேர்ப்பக்கத்தைவிடப் பல ஆண்டு வெயிலும் சீப்பும் கண்ட நுனியே அதிகம் உறிஞ்சும்.

இதை அறிய, உதிர்ந்த முடியைத் தண்ணீர்க் குவளையில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும்படி கைப்பேசிக் காணொளிகள் சொல்கின்றன. முடியில் ஒட்டிய எண்ணெயும் நீரின் பரப்பு இழுவிசையும் முடிவை மாற்றிவிடும் என்பதால் அச்சோதனை நம்பத்தக்கதன்று. தலை நனைவதையும் காய்வதையும் சில வாரங்கள் கவனிப்பதே மேல். ஆனால் ஆனி, ஆடிச் சாரலில் எவர் தலையும் எளிதில் காயாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தென்னை வளர்க்கும் நம் மாவட்டத்தினர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து பெறும் கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் நேரான, சிறிய மூலக்கூறாக இருப்பதால் இழைக்குள் நுழைய முடிகிறது. எனவே செதில் சிதைந்த முடியுடையோர் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே அதைத் தேய்ப்பது மிக நன்று. முடி நீரில் ஊறி உப்புவதையும் அது குறைக்கும். இறுகிய செதிலுடையோருக்கு இளஞ்சூட்டில் சில துளிகள் போதும். குளித்த பின் வழிய வழியப் பூசினால் அவர்கள் தலையில் அழுக்குதான் சேரும்.

கடலோர ஊர்களில் ஆழ்குழாய் நீர் கடினமாக உள்ள இடங்களில் கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிகின்றன. சேதமுற்ற முடி அவற்றை இன்னும் அதிகமாக ஈர்க்கும். அந்நீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவது கூடவே கூடாது. சோப்பின் காரத்தன்மை செதில்களை விரிப்பதோடு, சோப்பும் கடின நீரும் சேர்ந்து வெண்படிவமாக ஒட்டிக்கொள்ளும். மென்மையான ஷாம்பூவோ சீயக்காயோ போட்டு, கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீரில் அலசுவது நலம்.

உடைந்த செதில் மீண்டும் வளராது. ஆகவே பியூட்டி பார்லர்களில் ஏற்கெனவே சாயமிட்ட முடிக்கு மறுபடியும் ரசாயனம் பூசுமுன், அதன் நிலையைப் பார்த்து, பின்விளைவை அப்பெண்ணிடம் சொல்வது தொழில் கடமையாக இருக்க வேண்டும். வேரோடு முடி கொட்டுவது வேறு சிக்கல். அதற்குத் தோல் மருத்துவரை நாடச் சொல்லுங்கள்.

இனி வெளியிடும் ஒவ்வொரு குறிப்பிலும் அது எவ்வகை முடிக்கு உரியது, எவ்வகைக்கு ஆகாது என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.