சனி, ஞாயிறில் நெடுந்தீவு பார்க்க வருகிறவர்களுக்கு

அன்புள்ள விருந்தினர்களுக்கு,

போன ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கல்வேலியில் ஏறி நின்று படம் எடுத்த தம்பிமார் நான்கு பேருக்குத்தான் இதை எழுத நினைத்தேன். நான் கிணற்றடியிலிருந்து வருவதற்குள் அவர்களுடைய ஓட்டோ வெளிக்கிட்டுவிட்டது. பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அதனால் குறிகட்டுவான் துறையில் எங்கள் தீவுக்குப் படகேறி வருகிற எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். வேலியில் ஏறாதவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

அவர்கள் நின்ற இடத்தில் ஐந்தாறு முழ நீளத்துக்கு வேலி சரிந்து கிடந்தது. பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டு அதற்குள்ளால் வந்து, நான் வாளியில் தண்ணீர் சுமந்து வளர்த்த கத்தரிக் கன்றுகளை நிலத்தோடு மேய்ந்துகொண்டு நின்றன. ஆட்டைக் கோபித்து என்ன செய்ய? வேலி திறந்து கிடந்தால் அது வரத்தான் செய்யும்.

இந்த வேலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெடுந்தீவின் நிலமே முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் மண்ணைவிடக் கல்தான் கூடக் கிளம்பும். காணி திருத்தும்போது அப்படிக் கிளம்பிய கல்லைத்தான் எங்கள் ஆட்கள் எல்லையில் அடுக்கி வேலியாக்கினார்கள். சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, களிமண்கூட இல்லை. ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக இருக்கும். சிலதில் சிப்பி அப்படியே புதைந்து கிடக்கும். பெரிய கல் அடியில் போகும். மேலே வைக்கிற கல், கீழே உள்ள இரண்டு கல்லிலும் பாதி பாதி குந்த வேண்டும். ஆடினால் சின்னக் கல் ஒன்றைச் செருக வேண்டும். என் அப்பு ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டு உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அசைந்தால் எடுத்துத் திருப்பி வைப்பார், அசையாவிட்டால் அடுத்த கல்.

கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதே என்று சிலர் கேட்பார்கள். அது அரைகுறை வேலை இல்லை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அது அந்த ஓட்டைகளுக்குள்ளால் போய்விடும், வேலி நிற்கும். மாடு உரசினாலும் தாங்கும். உச்சியில் ஓர் ஆள் ஏறித் துள்ளினால் தாங்காது.

அன்று பின்னேரம் முழுக்க நானும் மகளும் அடுக்கினோம். முருகைக்கல் கீறிய விரலோடு நான்கைந்து நாள் கறிக்குத் தூள் போட்டதை இங்கே எழுதி உங்கள் மனத்தைக் கஷ்டப்படுத்த விரும்பவில்லை. (எழுதிவிட்டேன், சரி.) அந்த ஓட்டோக்காரத் தம்பியைப் பிறகு கடையடியில் கண்டு கேட்டேன். "பழைய காலத்து மதில் எண்டு நினைச்சிட்டினம் அக்கா" என்றான்.

அதைக் கேட்ட பிறகுதான் எழுதத் தோன்றியது. நீங்கள் பழசு என்று படம் பிடிக்கிற பல சாமான்கள் இங்கே இன்றைக்கும் வேலையில் இருக்கின்றன. கோட்டை, புறாக்கூடு, குதிரை லாயத்துத் தூண்கள் இவையெல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன, ஆறுதலாகப் பாருங்கள். பெருக்குமரத்துப் பொந்துக்குள்ளும் போய் நில்லுங்கள். அராபிய வணிகர்களோடு ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம் என்று சொல்வார்கள். நாங்களும் சின்ன வயதில் அதற்குள் ஒளித்துப் பிடித்து விளையாடியவர்கள்தான். பட்டையில் பெயர் வெட்டாமல் வந்தால் போதும். வளரும் கல் உண்மையாக வளர்கிறதா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நானே வளர்ந்து முடிந்து கூனத் தொடங்கிவிட்டேன்.

அப்புறம் ஒன்று, இது டெல்ஃப்ட் இல்லை, நெடுந்தீவு. ஒல்லாந்தர் இந்தப் பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைநகர் அம்ஸ்டர்டாம். மற்றதெல்லாம் எங்கேயோ கழன்று விழுந்துவிட, எங்களோடு மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குறிகட்டுவானில் அவசரப்பட்டு நயினாதீவுப் படகில் ஏறிவிட்டு, இறங்கிய இடத்தில் "குதிரை எங்கே?" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். மழைத் தண்ணீர் இந்தக் கல்லுக்குள்ளால் இறங்கி, கீழே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் பாலாடை மாதிரி மெல்லிசாகக் கிடக்கிறது. அளவாக அள்ளினால் ஆடை வரும். மோட்டர் போட்டு இழுத்தால் உவர் ஏறிவிடும், பிறகு மழைக்குத்தான் காத்திருக்க வேண்டும். அந்த மழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும்தான். நீங்கள் வருவதோ நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, ஆடி ஆவணியில். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அதுதான் விடுமுறைக் காலம் என்பது விளங்குகிறது. எங்கள் கிணறுகள் அடி காண்பதும் அதே மாதங்களில்தான். தீவின் பல கிணறுகளில் வாய் வைக்க முடியாமல் போக, சாராப்பிட்டிப் பக்கத்து நல்ல தண்ணீரை நம்பி இருப்போம். கடலில் குளித்துவிட்டு வருகிற வழியில் "மேல் கழுவ ரெண்டு வாளி" என்று படலையடியில் நின்று கேட்கிறீர்கள். தண்ணீர் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அதனால் நீங்கள்தான் யோசித்துக் கேட்க வேண்டும். குடிக்கக் கேட்டால் மோரே தருவேன்.

தீவில் காட்டில் திரிகிற குதிரைகளுக்கும் அதே தண்ணீர்க் கதைதான். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்து, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் இருந்த குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்வார்கள். இப்போது அவற்றுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. 2015இல் தீவின் 1,846 ஹெக்டேர் நிலத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அறிவித்ததால் குட்டைகளில் தண்ணீர் ஊறிவிடாது. கோடையில் வெளியில் புல் கருகி, குட்டை ஒவ்வொன்றாக வற்றி, கடைசியில் ஒன்றிரண்டில்தான் சேற்றுத் தண்ணீர் மிஞ்சும். உச்சி வெயிலில் கூட்டமாக அதற்கு வரும். முன்னால் வயதான பெட்டைக் குதிரை ஒன்று, குட்டிகள் நடுவில். அந்த நேரம் பார்த்து ஓட்டோவைக் குட்டைக் கரையிலேயே கொண்டுபோய் விடச் சொல்கிறீர்கள். படம் நன்றாக வரும், உண்மைதான். அவை கொஞ்ச நேரம் தூரத்தில் நின்று பார்க்கும், பிறகு குடிக்காமலே திரும்பிவிடும். ஒரு குட்டி தாயின் பின்னங்காலோடு ஒட்டிக்கொண்டு வந்த வழியே போனதை நான் விறகு பொறுக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றேன். நூறு யார் தள்ளி நின்று, சத்தம் போடாமல் பாருங்கள். அவை குடித்துவிட்டு அங்கேயே நிற்கும். அப்போது வேண்டிய மட்டும் எடுக்கலாம்.

இனிப் படகு. சொல்ல நினைத்ததில் பாரமானது இதுதான்.

உங்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம் ஒரு அனுபவம். எங்களுக்கு அது வீதி, பேருந்து, சந்தைக்குப் போகிற ஒழுங்கை எல்லாம். அரிசி, காஸ் சிலிண்டர், கோழித்தீன், சீமெந்து, பள்ளிக்கூட ஆசிரியர்கள், கலியாணப் பொம்பிளை, எல்லாம் அந்த வழியால்தான் வந்தாக வேண்டும். பிரேதமும் சில வேளை அதில்தான் வரும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களும் இப்படி ஒரு சாதாரண நாள் வேலையாய் ஏறியவர்கள்தான். அதனால் படகில் சிரிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நாங்களே சிரிப்போம்.

போன வருடம் அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் கிளினிக். சனிக்கிழமை காலையில் முடித்துக்கொண்டு பின்னேரப் படகுக்குத் திரும்பி வந்தோம். ஒரு பெரிய குழு இரவு தங்க வந்திருந்தது. இருக்கைகளில் பைகள், பைகளுக்கு மேல் ஒரு கிற்றார். எண்பது வயதைத் தாண்டியவர் என்ஜின் மூடிக்குப் பக்கத்தில், டீசல் மணத்துக்குள், ஒரு கையில் தேசிக்காயை மூக்கோடு பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோளகக் கடல். படகு ஒவ்வொரு முறை தூக்கிப் போடும்போதும் கத்திச் சந்தோஷப்பட்டார்கள். பாதி வழியில் ஒரு பிள்ளை அம்மாவைக் கண்டு எழும்பி இடம் விட்டது. நல்ல பிள்ளை. மற்றவர்களும் கெட்டவர்கள் இல்லை, காணவில்லை, அவ்வளவுதான். கண்டிருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

அதனால் ஏறியதும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மடியில் பெரிய வெள்ளைக் கடித உறையோடு இருப்பவர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வருகிறார். பையை மடியில் வைத்துக்கொண்டால் ஓர் ஆள் கூட இருக்கலாம். கூட்டமாக வருவதென்றால் தனிப்படகு பேசிக்கொள்ளுங்கள், பங்கு போட்டால் பெரிய காசு வராது. குடித்த தண்ணீர்ப் போத்தலைத் திரும்பக் கொண்டுபோங்கள். இங்கே அதை எரிப்பதையோ புதைப்பதையோ தவிர வேறு வழியில்லை. மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோ பிடியுங்கள், இங்கேயே மத்தியானச் சாப்பாடு சாப்பிடுங்கள், புழுக்கொடியலும் பனங்கட்டியும் வாங்குங்கள். விலையைக் குறைத்துக் கேட்டாலும் குற்றமில்லை, நாங்களும் கேட்போம்.

வேலியில் கை பட்டுக் கல் விழுந்தால் ஓடாதீர்கள், யாரும் ஏச மாட்டார்கள். எடுத்துத் திருப்பி வையுங்கள். எப்படிக் குந்த வைப்பது என்று தெரியாவிட்டால் அடியில் நிலத்தில் வைத்துவிட்டு, படலையைத் தட்டி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். ஆடு வருவதற்குள் நான் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கத்தரிக் கன்றுகளை மறுபடியும் நட்டிருக்கிற ஒரு நெடுந்தீவுக்காரி