சாவி இருந்தால் திறக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வாடகை வீடு என்றாலே அட்வான்ஸ், தண்ணீர், கரண்ட் யூனிட் கணக்கு என்றுதான் பேசுகிறோம். ஓனர் தரப்பிடம் இருக்கும் இன்னொரு சாவியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஆதம்பாக்கத்தில் ஆறு வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். வாடகை வாங்குவது, பிளம்பரை அனுப்புவது எல்லாம் அவர் வைத்திருக்கும் மேனேஜர்தான். போன மாதம் ஒரு நாள் நானும் கணவரும் வேலைக்குப் போயிருந்தோம். காய்ச்சலால் லீவு போட்டிருந்த மகள் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வெளியே வந்தால், ஹாலில் மேனேஜரும் முன்பின் தெரியாத இரண்டு ஆண்களும் நிற்கிறார்கள். "பாத்ரூம் லீக் பார்க்க வந்தோம்மா. பெல் அடிச்சோம், யாரும் திறக்கல" என்றாராம். அறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்தாள், பேச்சே வரவில்லை. நான் வந்து பார்த்தபோது சமையலறை வரை செருப்புத் தடம். இப்போதெல்லாம் தனியாக இருந்தால் கதவுக்கு முட்டாக ஒரு நாற்காலியைப் போட்டு வைக்கிறாள்.

கேட்டதற்கு, "அக்ரிமென்ட்டப் பாருங்க" என்றார் மேனேஜர். பார்த்தேன். 'உரிமையாளரோ அவரது பிரதிநிதியோ எந்நேரமும் வீட்டைப் பார்வையிடலாம்' என்று ஒரு வரி. பழைய பத்திரத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அடித்துத் தருகிறார்களே, அதில் ஒட்டிக்கொண்டே வரும் வரி அது.

ஆனால் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் நம் மாநில வாடகைச் சட்டம் (2017) வேறு சொல்கிறது. பழுது பார்க்கவோ வீட்டின் நிலையைப் பார்க்கவோ வருவதென்றால், 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். உரிமையாளருக்கு மட்டுமல்ல, மேனேஜருக்கும் இதுதான் விதி. அதே சட்டத்தில் உள்ள மூன்று மாத அட்வான்ஸ் கணக்கு ஊருக்கே தெரியும். இது தெரிந்த ஒருவரைக்கூட எங்கள் தெருவில் நான் பார்க்கவில்லை.

அந்த மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் ஊரில் இல்லை. அவர்தான் கதவைத் திறந்து மெயின் சுவிட்சை அணைத்து, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றி வைத்தார். அந்த நன்றி இன்றும் இருக்கிறது. வெள்ளத்துக்கு வருவதும் குழாய்க் கசிவுக்கு வருவதும் ஒன்றா? கசிவு ஒரு நாள் காத்திருக்கும். முந்தின நாள் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டிருந்தால் நானே லீவு போட்டு வீட்டில் இருந்திருப்பேன்.

வாடகை ஒப்பந்தங்களை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது அரசு. அப்படிப் பதிவுக்கு வரும் ஒப்பந்தத்தில் 'எந்நேரமும்' என்ற வரி இருந்தால், திருத்திக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். 24 மணி நேர விதியைத் தமிழில் அச்சடித்து, பதிவுச் சான்றோடு இரு தரப்புக்கும் தர வேண்டும். தங்கள் இதழ் வழியாக இந்தக் கோரிக்கை அதிகாரிகளின் கண்ணில் பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆதம்பாக்கம், சென்னை