ஊன்றுவதற்கா, ஓங்குவதற்கா? கைத்தடி செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இடது இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கடந்த ஆறு ஆண்டுகளாகக் கைத்தடியின் துணையோடு நடந்துவரும் 68 வயதுக்காரன் நான். தனியாக நடக்கும் முதியவர்களையும் கால் பலம் குன்றியவர்களையும் குறிவைத்து, 'நடக்கவும் உதவும், தாக்க வருபவனையும் விரட்டும்' என்ற விளம்பரத்தோடு நீங்கள் விற்றுவரும் தற்காப்புக் கைத்தடிகளைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். அத்தகைய தடி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாலை மங்கிய பிறகு ஆளரவமற்ற தெருவில் மெதுவாக நடந்து போகிறவனுக்குப் பின்னால் கேட்கும் காலடி ஓசை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். தெருநாய் ஒன்று உறுமிக்கொண்டு குறுக்கே வந்து நின்றால், ஓட முடியாதவனுக்குக் கையில் இருக்கும் தடியைவிட்டால் வேறு கதி இல்லை என்பதும் தெரியும். அந்த அச்சம் உண்மையானது. அந்த அச்சத்திற்கு நீங்கள் விற்கும் மருந்துதான் சரியாக இல்லை.

சென்ற ஆண்டு அப்படி ஒரு தடியை வாங்கினேன். தலைப்பகுதி கெட்டி எஃகு. தண்டு தடித்த உலோகக் குழாய். அடிமுனையில் ரப்பருக்குப் பதிலாகக் கடினமான பிளாஸ்டிக் மூடி, அதைக் கழற்றினால் உள்ளே பல் பல்லாய் வெட்டிய இரும்பு வளையம். கையில் எடுத்தபோது ஒரு கம்பீரம் இருந்ததை மறுக்கமாட்டேன். மூன்றாம் நாள், அப்போதுதான் துடைத்து ஈரம் காயாத நடைபாதை ஓடுகளின்மேல் அதை ஊன்றினேன். அந்தப் பிளாஸ்டிக் மூடி சோப்பில் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போனது. சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் விழாமல் தப்பினேன். மணிக்கட்டு மட்டும் இரண்டு வாரம் வீங்கிக் கிடந்தது. தற்காப்புக்கென்று வாங்கிய தடியிடமிருந்தே என்னைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

நீங்கள் மறந்துவிடுகிற முதல் செய்தி மிக எளிமையானது. கைத்தடி இல்லாமல் நிற்க முடியாதவன் அதை ஓங்கிய கணத்திலேயே தன் மூன்றாவது காலை இழந்துவிடுகிறான். உங்கள் விளம்பரப் படங்களில் தடியைச் சுழற்றிக் காட்டுபவர் இரண்டு கால்களிலும் உறுதியாக நின்று, இடுப்பைத் திருப்பி, முழுத் தோளையும் வீசி அடிக்கிறார். அவருக்குத் தடியே தேவையில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. நான் அப்படி வீசினால், அடி எதிரியின்மேல் விழுவதற்குள் நான் தரையில் விழுந்திருப்பேன்.

'நூற்றாண்டுப் பழைமை கொண்ட தடிக்கலை' என்று நீங்கள் பெருமையோடு சொல்வதிலும் இதே கோளாறு இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் வினி கைத்தடியால் தற்காத்துக்கொள்ளும் முறை ஒன்றை வகுத்ததும், அவர் பயிற்றுவித்த லண்டன் பயிற்சிக் கூடத்தை நடத்திய பார்ட்டன்-ரைட் அம்முறையைப் பற்றி 1901இல் பத்திரிகையில் எழுதியதும் உண்மையே. ஆனால் அந்தக் காலத்துக் கனவான்களுக்குக் கைத்தடி என்பது தொப்பியையும் கையுறையையும் போல உடையின் ஓர் அங்கம். அவர்கள் அதன்மேல் சாய்ந்து நிற்கவில்லை. பிரம்பும் உலோகக் குமிழுமாக அமைந்த அந்தத் தடி அவர்களின் கைக்குப் பொருத்தமாக இருந்திருக்கலாம். நாள் முழுவதும் உள்ளங்கையை அழுத்தி நடக்கிறவனுக்கு அந்தக் குமிழ், உள்ளங்கை நடுவில் வைத்த கூழாங்கல்தான்.

ஆகவே தடியைத் தேர்ந்தெடுக்கும் வரிசையை நீங்கள் தலைகீழாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதே என் குற்றச்சாட்டு. உயரத்திலிருந்து தொடங்க வேண்டும். வழக்கமாக அணியும் செருப்போடு நிமிர்ந்து நின்று கைகளைத் தளரத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்புக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை ஏறத்தாழ 15 முதல் 30 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும். எனக்குரிய அளவு 86 சென்டிமீட்டர். நீங்கள் அனுப்பிய தடி 93. வெட்டிக் குறைக்கவும் வழியில்லை, ஏனென்றால் அடியில்தான் அந்த இரும்புப் பற்கள் இருக்கின்றன. ஏழு சென்டிமீட்டர் அதிகமான தடி, ஒவ்வோர் அடிக்கும் தோளை மேலே தூக்கிவிடும். மாலைக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். எந்தக் கையில் பிடிப்பது என்பதையும் உங்கள் கையேடு சொல்லவில்லை, அல்லது 'வலிமையான கையில்' என்று தவறாகச் சொல்கிறது. நோயுற்ற காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும் என்பது இயன்முறை மருத்துவர்கள் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். நோயுற்ற காலை ஊன்றும்போது இடுப்பு சாயாமல் இருக்க அப்பக்கத் தசைகள் கடுமையாக இழுக்க வேண்டியிருக்கிறது; எதிர்ப்புறத்தில், மூட்டிலிருந்து தள்ளி ஊன்றும் தடி நெம்புகோலைப் போல வேலை செய்து, சிறிய அழுத்தத்திலேயே அந்தப் பளுவைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. என்னைப் போன்றோருக்கு இடது கால் வலித்தால் தடி வலது கையில்தான்; தற்காப்புக்கும் அதே கைதான் என்பதைக் கணக்கில் கொண்டல்லவா நீங்கள் பயிற்சி சொல்லித்தர வேண்டும்?

எடையைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. உங்கள் தடியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 850 கிராம். என் பழைய மரத்தடி 400 கிராம். நாளொன்றுக்கு நான் ஏறக்குறைய 4000 அடிகள் வைக்கிறேன். இரண்டு அடிக்கு ஒரு முறை தடியைத் தூக்கி வைக்க வேண்டும், ஆக 2000 தடவை. ஒவ்வொரு தடவையும் 450 கிராம் கூடுதல் என்றால், இரவு படுக்கும்போது என் மணிக்கட்டு 900 கிலோவை வீணாகத் தூக்கி முடித்திருக்கும். வாழ்நாளில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம் என்கிற அந்த ஓர் அடிக்காக நாள்தோறும் இந்தச் சுமையைத் தூக்க வேண்டுமா? கனமான தலை நன்றாக அடிக்கும் என்பது சரி. ஆனால் ஓங்கிய கனமான தடியை நடுவழியில் நிறுத்துவதும் திருப்பி இழுப்பதும் முதிய கையால் ஆகாத காரியம். தலையில் விழும் எஃகுக் குமிழ் ஆளையே கொன்றுவிடக்கூடும் என்பதையும், ஆபத்தின் அளவுக்கு மீறிய பலத்தைச் சட்டம் தற்காப்பாக ஏற்றுக்கொள்வது அரிது என்பதையும் நீங்கள் பெட்டியின் எந்த மூலையிலும் அச்சிடவில்லை.

தண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏமாற்று மிகுந்த இடம் அதுதான். உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் துளைகள் போட்டு, பொத்தான் முளை வைத்த அலுமினியத் தடி நடப்பதற்கு மிக நல்லது. நானும் மருத்துவமனையிலிருந்து அதோடுதான் வீடு திரும்பினேன். அதன் வலிமை முழுவதும் மேலிருந்து கீழாக வரும் பளுவைத் தாங்குவதற்கென்று அமைந்தது. பக்கவாட்டில் ஓங்கி அடித்தால் துளை வரிசை இருக்கும் இடத்தில் மடங்கும். மடங்கிய தடியை ஊன்றி வீடு திரும்ப முடியாது. உள்ளே ரப்பர் கயிறு ஓடும் மடக்குத் தடியின் துண்டுகள், வீசினாலோ யாரேனும் பிடித்து இழுத்தாலோ, இணைப்புகளில் கழன்றுவிடும். கார்பன் இழைத் தடி எடையில் குறைவு, விறைப்பில் உயர்வு. ஆனால் கூரான விளிம்பில் பக்கவாட்டு அடி பட்டால் வளைந்து எச்சரிக்காமல் பட்டென்று பிளந்துவிடக்கூடிய பொருள் அது. இவற்றையெல்லாம் 'உடையாத தடி' என்ற ஒரே பெயரில் விற்பது எவ்வகையில் நியாயம்?

மரத்தடிக்கு வந்தால், எந்த மரம் என்பதைவிட அந்தக் குறிப்பிட்ட கட்டையின் இழை எப்படி ஓடுகிறது என்பதே முக்கியம். தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், இழைக்கோடுகள் தலையிலிருந்து அடிவரை நேராக ஓட வேண்டும். நடுவில் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில் என்றேனும் ஒரு நாள் சாய்வாக, ஈட்டிமுனை போல முறியும். கணுவும் அப்படித்தான். வைரம் பாய்ந்த ஹிக்கரி, ஆஷ், ஓக் மரங்கள் அடியைத் தாங்குவதில் பெயர் பெற்றவை. கோடரிக்கும் சுத்தியலுக்கும் ஹிக்கரியில் பிடி போடுவது அதனால்தான். தடித்த பிரம்பு எடை குறைந்தது, நார் நாராகச் சிதையுமே தவிர, சட்டென்று இரண்டாக முறியாது. இழைநேர்த்தியைப் பார்த்து எடுக்கும்படி நல்ல படங்களை வெளியிடாமல், தண்டு முழுவதும் கறுப்புச் சாயம் பூசி இழையையே மறைத்துவிடுகிறீர்கள். அந்தச் சாயத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பது முறிந்த பிறகுதான் தெரியவருகிறது.

கைப்பிடி இன்னொரு பலவீனமான இடம். ஒரே கட்டையை ஆவியில் வளைத்துச் செய்த கொக்கிப் பிடியில் ஒட்டு இல்லை. அதனால் கழலுவதற்கு எதுவும் இல்லை, முழங்கையில் மாட்டிக்கொண்டு பணப்பையை எடுக்கவும் முடியும். உள்ளங்கை முழுவதும் படிகிற குறுக்குப் பிடிதான் ஊன்ற இதமானது. ஆனால் அதைத் தண்டோடு இணைக்கும் முளையோ திருகாணியோ எத்தனை நீளம், எத்தனை கனம் என்பதை நீங்கள் சொல்வதே இல்லை. என்னுடையதில் பிடி லேசாக ஆடத் தொடங்கியதும் கழற்றிப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத மறை அது. மணிக்கட்டில் மாட்டும் வாரை 'தடி பறிபோகாமல் இருக்க' என்று விளம்பரப்படுத்துகிறீர்கள். தடியைப் பறிக்க வருபவன் இழுக்கும்போது வாரில் சிக்கிய கையோடு நானும் அல்லவா இழுபட்டு விழுவேன்? சற்று வலுவாக இழுத்தாலே விடுபடும் வாராக இருந்தால் சம்மதம்.

அடிரப்பர் பேச்சுக்கு எடுக்கத் தகுதியற்ற பொருள் என்று நினைக்கிறீர்கள் போலும். ஊன்றுகோல்களின் அடிமுனை எவ்வளவு உராய்வு தர வேண்டும் என்பதைச் சோதிப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 24415 என்ற பன்னாட்டுத் தரவிதி இருக்கிறது. மென்மையான ரப்பர், அகன்ற அடி, நீரை ஒதுக்கும் வளையப் பள்ளங்கள், உள்ளே தண்டின் முனை கிழித்துக்கொண்டு வராமல் ஓர் உலோக வில்லை: இவ்வளவுதான் தேவை. பள்ளங்கள் தேய்ந்தாலும், ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்தாலும் உடனே மாற்ற வேண்டும். தற்காப்புக்கும் இதே ரப்பர்தான் நல்லது என்பது என் அனுபவம். மார்புக்கு நேரே நீட்டித் தள்ளும்போது அது சட்டையில் பற்றிக்கொள்கிறது, வழுக்குவதில்லை.

உள்ளே கத்தி மறைத்த தடிகளைப் பற்றி நீளமாக எழுத எனக்குப் பொறுமையில்லை. பிரிட்டன் 1988ஆம் ஆண்டிலேயே அவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்துவிட்டது. வேறு பல நாடுகளிலும் கட்டுப்பாடு உண்டு. உருவுவதற்காக இரண்டாக வெட்டிய தண்டு ஊன்றுவதற்கும் பலவீனமானது. நடுங்கும் கையில் மின் அதிர்ச்சிப் பொத்தானைக் கொடுப்பதும் அறிவுடைமையன்று. கைப்பிடியில் உரத்த ஒலி எழுப்பும் கருவியும் சிறு விளக்கும் வைப்பதை மட்டும் முழுமனத்தோடு வரவேற்கிறேன். எட்டுத் திசைக்கும் கேட்கும் ஓசை, என் கைவலிமையைவிடப் பலமடங்கு வலிமையானது.

உங்கள் விளக்கப் படங்களை, தடியின்றி நிற்க முடியாத ஒருவரை வைத்தே எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சுவரிலோ வாகனத்திலோ முதுகைச் சாய்த்துக்கொண்டு, நல்ல காலில் எடையை ஏற்றி, இரு கைகளாலும் தடியைக் குறுக்காகப் பிடித்து எதிராளியைத் தள்ளி நிறுத்துவதையும், வீசாமல் முனையை நீட்டிக் குத்தி உடனே திரும்ப ஊன்றுவதையும், அவன் பின்வாங்கியதும் உதவி கேட்டுக் கத்திக்கொண்டே விலகிப் போவதையும் காட்டுங்கள். நாயிடம் தடியை ஓங்கினால் அதன் வெறி கூடத்தான் செய்யும். அசையாமல் நின்று, தடியை நமக்கும் அதற்கும் நடுவில் தாழப் பிடித்து, கடிக்க வந்தால் தடியையே கடிக்கக் கொடுப்பது நல்லது. இதை என் இயன்முறை மருத்துவர் கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். நாற்பது பக்கக் கையேட்டில் உங்களுக்கு அதற்கு இடமில்லாமல் போயிற்று.

ஒவ்வொரு தடியின் தண்டிலும் அது தாங்கும் உடல் எடை, அதன் சொந்த எடை, எந்த உயரம்வரை வெட்டலாம், அடிரப்பரின் உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பவற்றைப் பொறித்து விற்கும்படியும் கேட்கிறேன். என் பழைய மரத்தடிக்கு 19 மில்லிமீட்டர் ரப்பர். அது எங்கும் கிடைக்கிறது. உங்கள் 850 கிராம் தடியின் முனைக்குப் பொருந்தும் ரப்பரை நான்கு மாதங்களாகத் தேடுகிறேன். அப்படி ஒன்றை நீங்கள் செய்கிறீர்களா, செய்வதாக இருந்தால் எந்த அளவில் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தடி ஊன்றி நடக்கும் ஒரு வாடிக்கையாளர்