கிளாட் தேர்வைத் தமிழிலும் எழுத விடுங்கள்: ஓர் ஆங்கில ஆசிரியையின் திறந்த மடல்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பை நடத்தும் துணைவேந்தர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். மூன்று வருடமாக, வக்கீலுக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளைச் சனிக்கிழமை மதியங்களில் உட்காரவைத்து, உங்கள் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குத் தயார் செய்கிறேன். முதலில் அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்துப் பார்த்தோம். அவர்கள் சொன்ன கட்டணம் இந்தப் பிள்ளைகளின் வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல். அதனால் பழைய வினாத்தாள்களை நகலெடுத்துக்கொண்டு நானே ஆரம்பித்தேன். முதல் வருடம் இரண்டு பேர், போன வருடம் ஐந்து பேர்.

இந்தத் தேர்வு இப்போது முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அதன் ஐந்து பகுதிகளில் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். மற்ற நான்கையும் தமிழிலும் கொடுங்கள். ஆங்கிலம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள்தான் இதைக் கேட்கிறேன்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சட்டப் பகுத்தறிவுப் பகுதியில் ஒரு பத்தி எடுத்தோம். வேலைக்காரர் செய்த தவறுக்கு முதலாளி எப்போது பொறுப்பு, எப்போது பொறுப்பில்லை என்பது பற்றியது. நானூறு சொல் இருக்கும், கீழே ஐந்து கேள்விகள். தமிழ் வழியில் படிக்கும் ஒரு பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி, பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுக்கொண்டே போனாள். 'நாட்வித்ஸ்டாண்டிங்' ('இருந்தபோதிலும்') என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டாள். மறுபடி மேலே போய் முதல் வரியிலிருந்து படித்தாள். முடிக்கப் பதினான்கு நிமிடம் ஆனது. ஐந்தில் இரண்டுதான் சரி.

தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அதே விஷயத்தை நான் தமிழில் சொன்னேன். சரக்கு இறக்கப் போன வண்டி வழியில் ஒருவரை இடித்துவிட்டது, நஷ்டஈடு யார் கொடுப்பது என்று கேட்டேன். நான் முடிப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். "மொதலாளி அனுப்பின லோடுதானே மிஸ்? அப்ப அவர்தான் குடுக்கணும். நடுவுல டீ குடிக்க நிறுத்தினாலும் அது வேலையோட சேர்ந்ததுதான். ஆனா லோடு எறக்கிட்டு, சொந்த வேலையா குட்டியானைய எடுத்துக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போனா, அதுக்கு மொதலாளி என்ன பண்ணுவாரு?"

அவள் அப்பா மூலக்கொத்தளத்தில் லோடு வண்டி ஓட்டுகிறார். அவளுக்கு அது வீட்டில் தினமும் நடக்கிற பேச்சு. ஐந்து கேள்விக்கும் சரியான பதில் சொன்னாள். காரணத்தோடு சொன்னாள். சட்டக் கல்லூரியில் இதற்கென்றே வகுப்பு எடுப்பார்கள் என்று சொன்னபோது அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பகுதிக்கு முன்கூட்டியே சட்ட அறிவு தேவையில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். கொடுத்த விதியைக் கொடுத்த சம்பவத்தோடு பொருத்திப் பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. அந்தச் சோதனையில் அவள் என் கண் முன்னால் தேறினாள். உங்கள் தாளில் தோற்றாள். 120 நிமிடத்தில் 120 கேள்வி, தப்பான ஒவ்வொரு பதிலுக்கும் கால் மதிப்பெண் குறையும். அதிலேயே நீளமான பத்திகளையும் படித்தாக வேண்டும். இப்படி இருக்கும்போது மொழி ஐந்து பகுதியிலும் அவளைத் தடுக்கிறது. கணக்கைக்கூடப் பத்தியாகத்தான் கேட்கிறீர்கள். சதவீதம் போடத் தெரிந்த பிள்ளை ஆங்கில வாக்கியத்தில் மாட்டிக்கொள்கிறது. நடப்பு நிகழ்வுகளும் அப்படித்தான். தினமும் தமிழ்ப் பேப்பர் படித்து, எந்த மசோதா எப்போது வந்தது என்று கேட்டவுடன் சொல்லும் பையன் என் வகுப்பில் இருக்கிறான்.

கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது என்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் ஆங்கிலப் பகுதியை எடுக்கச் சொல்லவில்லை. இருபத்துச் சொச்சம் கேள்விகள் அதில் இருக்கின்றன. ஆங்கிலம் தெரியுமா என்று பார்க்க அது போதும். மிச்சத்துக்கு ஐந்து வருடப் படிப்பு இருக்கிறது. பதினேழு வயதில் தடுமாறுகிற ஆங்கிலம் இருபது வயதில் சரளமாவதை வருடா வருடம் பார்க்கிறவள் நான். படிக்க இடம் கிடைத்தால் மொழி வந்துவிடும்.

படிப்பு முடித்து வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுதும் தேர்வைப் பாருங்கள். இந்திய பார் கவுன்சில் நடத்தும் அகில இந்திய பார் தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த 1976-லேயே ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தினார்கள். வாதி, பிரதிவாதி, உறுத்துக் கட்டளை, மேல்முறையீடு என்று அங்கே தினமும் புழங்கும் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. தொழிலுக்கு உரிமம் தமிழில் வாங்கலாம், கீழ்க்கோர்ட்டில் தமிழில் வாதாடலாம், உள்ளே நுழையும் தேர்வு மட்டும் முடியாது என்பதை என் மாணவர்களுக்கு என்னால் விளக்க முடியவில்லை.

திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2012-இல் நம் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானது. அங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கும் கிளாட் தரவரிசைதான் வழி.

தமிழில் கொடுத்தால் பிழை வரும் என்ற பயமும் எனக்குப் புரிகிறது. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவில் தவித்தவர்கள் பிள்ளைகள். ஆகவே அவசரமாக யாரிடமோ கொடுத்து மாற்றித் தராதீர்கள். இரு மொழியும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வரட்டும். தமிழில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களும் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

2023-இல் ஒரு சட்ட மாணவர் இதே கோரிக்கையோடு டெல்லி உயர் நீதிமன்றம் போனபோது, வல்லுநர் குழு பார்க்கிறது என்று பதில் சொன்னீர்கள். அந்தக் குழு என்ன சொன்னது என்று எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டும்படி சொல்லுங்கள்.

விண்ணப்பக் கட்டணத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். 4,000 ரூபாய், பட்டியல் இனப் பிள்ளைகளுக்கு 3,500. போன வருடம் இரண்டு பேருக்கு ஆசிரியர்கள் நாங்கள் சேர்ந்து கட்டினோம். தேர்வு டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, எங்கள் அரையாண்டுத் தேர்வும் அதை ஒட்டியே. அதைச் சமாளித்துக்கொள்கிறோம். பணத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அந்தப் பெண் டிசம்பரில் தேர்வு எழுதினாள். தரவரிசை எட்டவில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். நல்ல கல்லூரி, நன்றாகப் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் இன்னும் வருகிறாள், என் பக்கத்தில் உட்கார்ந்து தம்பி தங்கைகளுக்குச் சொல்லித் தருகிறாள். பழைய கிளாட் பத்திகளில் பன்னிரண்டை அவளே ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். கேட்டால் அந்த நோட்டை உங்களுக்கு நகலெடுத்து அனுப்புகிறேன்.

இந்த வருடம் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முழுத் தேர்வையும் உடனே மாற்ற முடியாவிட்டால், விண்ணப்பம் தொடங்குவதற்குள் ஒரே ஒரு மாதிரி வினாத்தாளையாவது தமிழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை,
வியாசர்பாடி, சென்னை