அந்த ‘மட்டும்’ என்ற சொல்லைப் பார், கண்ணு

கொழிஞ்சாம்பாறை,
ஜூன் 14.

அன்புள்ள கண்ணு,

ஜெப்பவுண்ட் என்ற எடை குறைக்கும் ஊசிக்குப் பணம் தர முடியாது என்று உனக்கு வந்து, நீ வாட்ஸாப்பில் அனுப்பிய மறுப்புக் கடிதத்தையும், அமெரிக்காவில் உன் கம்பெனி தரும் மருத்துவ இன்சூரன்ஸ் திட்டப் புத்தகத்தையும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். 112 பக்கம். நான்கு நாளாகப் பென்சிலும் கையுமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். “போகட்டும் விடுங்கப்பா, கிடைக்காது” என்று நீ போனில் சொன்னாயே, அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே சரியில்லை. அதே வார்த்தையை நானும் ஒருமுறை சொன்னவன்.

அம்மாவுக்குக் கோயமுத்தூரில் இருதய ஆபரேஷன் ஆனபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். செலவைத் திரும்பக் கேட்டு ஆபீஸ் வழியாகப் பில்லை மேலே அனுப்பினேன். இந்த மருந்தெல்லாம் அவசியம்தான் என்று டாக்டர் தரும் எசென்ஷியாலிட்டி சர்டிபிகேட்டில் இரண்டு மருந்தின் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலந்தாவளம் வழியாகப் பஸ் பிடித்துப் போய் இன்னொரு கையெழுத்து வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். அலைந்த அலுப்பில் நான் போகவில்லை. பணம் வரவில்லை. அடுத்த வருடம் மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டபோது அம்மா “இப்ப எதுக்குச் செலவு” என்று தள்ளிப்போட்டாள். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். அந்த ஃபைல் இன்னும் மர அலமாரியில் இருக்கிறது. முந்தாநாள் எடுத்துப் பார்த்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், இதை நீ விடக் கூடாது. விடவேண்டிய நிலைமையும் இல்லை.

மறுப்புக் கடிதம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது காரணம். “உங்களுக்கு இந்த மருந்து அவசியம் என்று நிரூபிக்கவில்லை” என்பது ஒன்று. “இந்த வகை மருந்துக்கே எங்கள் திட்டத்தில் இடமில்லை” என்பது வேறொன்று. முதலாவதை டாக்டரின் கடிதமும் அறிக்கைகளும் மாற்றும். இரண்டாவதை டாக்டர் எத்தனை கடிதம் எழுதினாலும் மாற்றுவது கடினம், ஏனென்றால் அது திட்டத்தில் எழுதிவைத்த விலக்கு. உனக்கு வந்திருப்பது இரண்டாவது வகை. நீ அதோடு மனம் தளர்ந்துவிட்டாய். நான் அந்த விலக்கு எழுதியிருக்கும் 71-ஆம் பக்கத்தைத் தேடிப் படித்தேன். “உடல் எடையைக் குறைப்பதற்காக மட்டும் பரிந்துரைக்கப்படும் மருந்துகள்” என்று இருக்கிறது. அந்த ‘மட்டும்’ என்ற சொல்லைப் பார், கண்ணு. உன் டாக்டர் அனுப்பிய விண்ணப்பத்தில் உடல் பருமன் என்ற ஒரே ஒரு நோய்க் குறியீடுதான் இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறதே, ஸ்லீப் ஆப்னியா, அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஜெப்பவுண்ட் மருந்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 நவம்பரில் எடைக்காக அனுமதித்தது. 2024 டிசம்பரில், பருமன் உள்ள பெரியவர்களுக்கு வரும் மிதமான, தீவிரமான ஸ்லீப் ஆப்னியாவுக்கும் அனுமதித்தது. மணிக்கு 15 முறை மூச்சு தடைப்பட்டாலே மிதமான வகையில் சேரும். உனக்கு 22 என்று நீயே சொன்னாய். 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு 84 கிலோ, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. 33-க்கு மேல் வருகிறது. பருமனுக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு 30. ஆக, நீ கேட்பது எடைக்காக மட்டும் அல்ல. இதில் எந்தத் தந்திரமும் இல்லை. உனக்கு உண்மையாகவே இருக்கிற நோயைக் காகிதத்தில் எழுதச் சொல்கிறேன்.

டாக்டரிடம் பேசி, ஆப்னியாவுக்கான குறியீட்டோடு புதிதாக முன் அனுமதி, அதாவது மருந்து வாங்கும் முன்பே திட்டத்தின் சம்மதம், கேட்கச் சொல். தூக்கப் பரிசோதனை அறிக்கை, மூச்சு நிற்காமலிருக்கத் தூங்கும்போது மாட்டும் மாஸ்க் மெஷினை எப்போதிலிருந்து போடுகிறாய், ரத்த அழுத்தம், இதுவரை எந்த டயட்டை எத்தனை மாதம் பார்த்து எத்தனை கிலோ குறைந்து மறுபடி ஏறியது, எல்லாம் தேதியோடு போகட்டும். அம்மாவுக்கு 46 வயதில் இருதய ஆபரேஷன் ஆனதையும் எழுதச் சொல்.

அதோடு பழைய மறுப்புக்குக் கெடு ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிடாதே. மேல்முறையீட்டுக்குக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 180 நாள். உனக்கு மே 12-இல் வந்தது, நான் காலண்டரில் எண்ணினேன், நவம்பர் 8. அதுவரை காத்திருக்க வேண்டாம். உன் விண்ணப்பத்தை எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள் என்று எழுதிக் கேள், இலவசமாகத் தந்தாக வேண்டும். மேல்முறையீட்டிலும் மறுத்தால், வெளியிலிருந்து ஒரு சுதந்திரமான குழு பார்க்கும் மறு ஆய்வு இருக்கிறது, அதைக் கேட்க நான்கு மாதம். ஆனால் மருத்துவம் சார்ந்த கேள்வி இருந்தால்தான் அந்தக் குழுவிடம் போக முடியும். நோயை முதலிலேயே சரியாக எழுத வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. உன் கார்டில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தாலும் பணம் உன் கம்பெனியுடையது என்று புத்தகத்தின் கடைசியில் போட்டிருக்கிறது. இன்சூரன்ஸ்காரர் கணக்குப் பார்ப்பவர்தான். இப்படிப்பட்ட திட்டத்துக்கு அமெரிக்காவின் 1974-ஆம் வருட மத்திய சட்டம்தான் பொருந்தும். எந்த மருந்தைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதைக் கம்பெனியே தீர்மானிக்கிறது. ஆகவே எச்.ஆரில் சலுகைகளைப் பார்க்கும் ஆளிடம் பேசு, அடுத்த வருடத் திட்டம் முடிவாவதற்கு முன்பே எழுத்தில் கொடு. இங்கே விண்ணப்பத்தை நாங்கள் அபேட்சை என்போமே, அதுபோல மரியாதையாக ஒரு பக்கம். உன்னைப்போல இன்னும் நாலு பேர் அங்கே வாய் திறக்காமல் இருப்பார்கள். அவர்களும் எழுதினால் நல்லது.

கோயமுத்தூரில் மௌஞ்சாரோ வாங்கி, அங்கே வரும் ஆளிடம் கொடுத்தனுப்பச் சொன்னாய். ஜெப்பவுண்ட், மௌஞ்சாரோ இரண்டும் டிர்செபடைட் என்ற ஒரே மருந்துதான், 2025 மார்ச்சில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது, விலையும் குறைவு. ஆனாலும் எனக்குச் சம்மதமில்லை. குளிரிலேயே வைக்க வேண்டிய ஊசி அது. 2.5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரம் கழித்து 5 என்று டாக்டர் உடம்பைப் பார்த்துக் கூட்ட வேண்டியது. குமட்டல், வாந்தி வந்தால் அங்கே பக்கத்தில் பார்க்க ஆள் வேண்டும். அனுமதி வரத் தாமதமானால் மருந்துக் கம்பெனியே குப்பியில் நேரடியாக விற்பதைக் கேட்டுப் பார், பேனா ஊசியின் பட்டியல் விலை மாதம் 1,000 டாலருக்கு மேல், குப்பி அதில் பாதிகூட வராது. அந்த மாதங்களுக்கு நானும் பணம் அனுப்புவேன். வேண்டாம் என்று சொல்லாதே.

சின்ன அத்தைக்குத் தைராய்டு இருப்பதால் பயமாக இருக்கிறது என்றாய். அவளுக்கு இருப்பது சுரப்புக் குறைவு, காலையில் ஒரு மாத்திரை போடுகிறாள். இந்த மருந்து ஆகாது என்பது மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால். நம் வீட்டில் யாருக்கும் இல்லை, பெரியப்பா வரை விசாரித்துவிட்டேன். இருந்தாலும் அத்தை விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிடு.

ஊசி போட்டு இளைத்தவள் என்று ஊர் பேசும் என்கிறாய். கல்யாண வீட்டில் உன் தட்டைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் பேசியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு. பருமனை நோய் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் 2013-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. பிரஷருக்கு மாத்திரை போடுகிறவரை யாரும் மன உறுதி இல்லாதவர் என்று சொல்வதில்லை. இனிமேல் யார் பேசினாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை 9 மணி ஆகும்போது கூப்பிடுகிறேன். தூக்கப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுத்து வை. டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து இங்கிலீஷில் போட்டுவிடலாம். ராத்திரி மாஸ்கைக் கழற்றிவிட்டுத் தூங்காதே.

அன்புடன்,
அப்பா