வேலை மாறும் முன் சி.டி.சி.யைப் பிரித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “இப்போது 40 ஆயிரம் வாங்குகிறேன், 60 ஆயிரத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?” என்று கேட்கும் இளைஞர்கள் பலர். அந்த 60 ஆயிரம் யார் போட்ட கணக்கு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிறுவனம் சொல்வது ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் சி.டி.சி., அதாவது ஒரு ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 60 ஆயிரம் என்று வைத்துக்கொள்பவர் விண்ணப்பதாரர். இந்த ஒரு வகுத்தலை நம்பி வேலையை விட்டவர்களின் முகத்தை, முதல் சம்பள நாளில் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் 40,000 ரூபாய் மொத்தச் சம்பளம் வாங்குகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 20,000. அதில் 12 சதவீதம், 2,400 ரூபாய், பி.எஃப். பிடித்தம். கைக்கு வருவது 37,600. நிறுவனத்தின் பங்கான இன்னொரு 2,400 தனியாகக் கட்டப்படுகிறது.

இவருக்குச் சென்னைக்கு அருகே உள்ள ஒரகடத்தில் இருந்து 7,20,000 ஆஃபர் வருகிறது. அதில் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாதம் 30,000. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு ஆண்டுக்கு 43,200. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஒதுக்குவது அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், சுமார் 17,300. குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 12,000 என்று வைப்போம். செயல்திறனையோ லாபத்தையோ பொறுத்துக் கூடிக் குறையும் ‘வேரியபிள் பே’ 10 சதவீதம், 72,000. இவை எல்லாம் சி.டி.சி.க்குள்ளேயே அடங்கியவை. கழித்தால் மிஞ்சுவது 5,75,500. மாதத்துக்கு 47,958. அதிலிருந்து அவருடைய பி.எஃப். பங்கு 3,600 போனால், கைக்கு வருவது சுமார் 44,350.

ஆக 60 ஆயிரத்துக்கும் 40 ஆயிரத்துக்கும் இடையே இருப்பதாக நினைத்த 20 ஆயிரம், கையில் 6,750 ஆகிறது. சொந்த வீட்டில் இருந்து வேலைக்குப் போய்வந்தவர் ஒரகடத்தில் அறை எடுத்து, வெளியில் சாப்பிட்டு, மாதம் இரு முறை ஊருக்குப் போய்வந்தால் இந்தத் தொகையில் அடங்காது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அவருடைய பி.எஃப். சேமிப்பு இரு பங்கும் சேர்ந்து 4,800-இல் இருந்து 7,200 ஆகிறது. அது அவர் பணம்தான். ஆனால் அடுத்த மாத வாடகைக்கு அது உதவாது.

வேரியபிள் பே பற்றி நேர்காணலிலேயே மூன்றைக் கேட்டுவிட வேண்டும். மாதாமாதமா, காலாண்டுக்கா, ஆண்டுக்கு ஒருமுறையா? தனிநபர் செயல்திறனைப் பொறுத்ததா, நிறுவன லாபத்தைப் பொறுத்ததா? போன ஆண்டு இதே நிலையில் இருந்தவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்? பணம் தரும் நாளில் வேலையில் இருந்தால்தான் கிடைக்கும் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு. மார்ச்சில் வேலை மாறுகிறவர், இப்போதைய நிறுவனத்தில் ஓராண்டு உழைத்துச் சேர்த்த தொகையை இதே விதியால்தான் இழக்கிறார். ஜாயினிங் போனஸுக்கும் ஒரு கொக்கி இருக்கும். ஓராண்டோ இரண்டாண்டோ முடியும் முன் விலகினால் திருப்பித் தர வேண்டும். கைக்கு வந்தது வரி போக, திருப்பிக் கேட்பது முழுத்தொகையாகவும் இருக்கலாம். கடிதத்தில் அந்த நிபந்தனையைத் தேடிப் படியுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வேலை பெரிய கம்பெனியில், ஆனால் நியமனக் கடிதம் யார் பெயரில்? ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சியின் பெயரில் என்றால், உங்கள் முதலாளி அந்த ஏஜென்சிதான். கம்பெனியின் இன்கிரிமென்ட், குடும்பக் காப்பீடு, பதவி உயர்வு எதுவும் உங்களுக்குப் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. நிரந்தர வேலையை விட்டு இப்படிப் போவதென்றால், சம்பளம் கணிசமாகக் கூடினால் ஒழியப் போகாதீர்கள் என்றே சொல்வேன்.

அடுத்து, விட்டுவிட்டுப் போவதன் கணக்கு. பணிக்கொடை ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கே உண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஓராண்டு போதும். கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மேலே சொன்ன, 20,000 அடிப்படைச் சம்பளம் வாங்கும் கோயம்புத்தூர்க்காரருக்கு ஐந்து ஆண்டு முடிந்தால் 57,692 ரூபாய். நான்கு ஆண்டு ஐந்து மாதத்தில் விலகினால் பூஜ்யம்.

ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அந்த ஆண்டு முழுமையடைந்ததாகக் கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. நோட்டீஸ் காலமும் பணிக்காலம்தான். எனவே நான்கு ஆண்டு ஐந்து மாதத்தில் இருப்பவர் 90 நாள் நோட்டீஸை முழுதாக வேலை பார்த்துக் கழித்தால் அந்த எல்லையை ஒட்டி வந்துவிடுவார். நோட்டீஸுக்குப் பணம் கட்டிவிட்டு அவசரமாக ஓடினால் அது போச்சு. 240 நாள் கணக்கை ஏற்காமல் இழுத்தடிக்கும் நிறுவனங்களும் இருப்பதால், ஐந்து ஆண்டு நிறைய ஓரிரு மாதமே பாக்கி என்றால் புதிய இடத்தில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பதே நல்லது. ஐந்தைத் தாண்டியவர்களுக்கும் தேதி முக்கியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கணக்காகும். ஏழு ஆண்டு ஐந்து மாதத்தில் விலகினால் ஏழு ஆண்டு; ஏழு ஆண்டு ஏழு மாதத்தில் விலகினால் எட்டு ஆண்டு. கோயம்புத்தூர்க்காரரின் அடிப்படைச் சம்பளத்தில் அந்த இரண்டு மாதத்தின் மதிப்பு 11,538 ரூபாய்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள், தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யை மறந்துவிடக் கூடாது. 20,500 வாங்கியவர் 23,500க்கு மாறும்போது இ.எஸ்.ஐ. நின்றுவிடும். வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாயோ, மாதாமாதம் மருந்து வாங்கும் தந்தையோ இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நம்பி இருந்தால், கூடுதலாக வரும் 3,000 அந்தச் செலவுக்கு எந்த மூலைக்கு? புதிய நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோர் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முதல் நாளில் இருந்தே காப்பு உண்டா என்பதைப் பாலிசி விவரத்தில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். எச்.ஆர். வாய்மொழியாகச் சொல்வது போதாது.

தாய்மைப்பேறு எதிர்பார்க்கும் பெண்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு விஷயம்: 26 வாரச் சம்பள விடுப்பு பெற, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருப்பவர்கள் கடன் தொகை கைக்கு வரும்வரை மாறாமல் இருப்பது நல்லது. வங்கிகள் கடைசி மாதங்களின் பே ஸ்லிப் கேட்கும். புரொபேஷனில் இருப்பவருக்குத் தயங்கும்.

கூப்பிடும் நிறுவனம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள உறவினர், நண்பர் பேச்சை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பகுதி எல்லோருக்கும் திறந்தது. நிறுவனப் பெயரைக் கொடுத்தால், எந்த மாதத்துக்கான பி.எஃப். எந்தத் தேதியில் கட்டப்பட்டது, எத்தனை ஊழியர்களுக்குக் கட்டப்பட்டது என்று வரிசையாக வரும். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய தொகை இரண்டு மூன்று மாதம் தள்ளித் தள்ளிப் போயிருந்தால் அங்கே பணப்புழக்கம் சரியில்லை. ஊழியர் எண்ணிக்கை ஆறு மாதமாகத் தேய்ந்துகொண்டே வந்தால் ஏன் என்று நேர்காணலில் கேளுங்கள். “300 பேர் வேலை செய்கிறார்கள்” என்று சொல்லும் நிறுவனம் 40 பேருக்கு மட்டும் பி.எஃப். கட்டுவதும் அதில் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. இதைப் பார்க்காமல் யாரும் ராஜினாமா செய்யக் கூடாது. அதோடு, நீங்கள் போகும் இடம் ஏன் காலியானது, அதில் முன்பு இருந்தவர் எத்தனை நாள் இருந்தார் என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டில் மூன்று பேர் மாறிய நாற்காலி என்றால், சம்பளம் கூட்டித் தருவதற்கான காரணம் அதுவாகவே இருக்கலாம்.

ராஜினாமாவில் பலர் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். “செலக்ட் ஆயிட்டீங்க” என்று போன் வந்ததுமே கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். சம்பளப் பிரிப்பு, பணியிடம், சேரும் தேதி எல்லாம் உள்ள கடிதம் நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சலில் இருந்து வர வேண்டும். மருத்துவப் பரிசோதனை, பின்னணி விசாரணை எல்லாம் முடிந்தால்தான் வேலை என்று அதில் எழுதியிருந்தால், முடிந்த பகுதி எது, பாக்கி எது என்று எழுத்தில் கேளுங்கள். டெபாசிட் என்றோ பயிற்சிக் கட்டணம் என்றோ பணம் கேட்டால் அது மோசடி. அசல் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.

இப்போதைய நியமனக் கடிதத்தையும் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். நோட்டீஸ் 90 நாள், புதிய இடத்தில் 30 நாளில் வரச் சொல்கிறார்கள் என்றால், மேலே சொன்ன 40,000 சம்பளக்காரர் இடைப்பட்ட 60 நாளுக்கு, மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் 80,000 ரூபாய் கட்ட வேண்டிவரும். அடிப்படைச் சம்பளத்தில் என்றால் 40,000. எது என்பது உங்கள் கடிதத்தில் இருக்கும். “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று புதிய நிறுவனம் சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி பாண்டு எழுதிக் கொடுத்தவர்கள், அதெல்லாம் செல்லாது என்ற பேச்சை நம்பிவிட வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது.

கடைசி நாளுக்கு முன்பே பே ஸ்லிப்புகள், வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16, இன்கிரிமென்ட் கடிதங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் லாகின் முடக்கப்பட்டுவிடும். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். 45 நாள் ஆகும் என்று சொல்லும் எச்.ஆர்.களுக்கு இதை நினைவூட்டலாம்.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், மாற்றுங்கள். ஐந்து ஆண்டு தொடர் பணி முடியாமல் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு பணிக்காலம் தேவை. பழைய இடத்தின் ஆண்டுகளும் அதில் சேரும், ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் அழிந்துபோகும். புதிய நிறுவனத்தில், உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். நம் ஊரில் மாற்றம் சிக்குவது பெரும்பாலும் இனிஷியலில்தான். ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், பி.எஃப். கணக்கில் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். வேலையில் இருக்கும்போதே இதைத் திருத்திவிட்டால் பழைய நிறுவனத்தின் பின்னால் அலைய வேண்டாம்.

வருமான வரியில் அடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் அதிகச் சம்பளக்காரர்கள். ஒருவர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் இடத்தில் மாதம் ஒரு லட்சம், வேலை மாறி அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் 1,40,000 வாங்குகிறார் என்று வைப்போம். முதல் நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம்தானே என்று வரி பிடிக்காது. இரண்டாவது நிறுவனம் ஆறு மாதத்துக்கு 8,40,000தானே என்று பிடிக்காது. சேர்த்தால் 14,40,000. சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போக 13,65,000. 2025-26 நிதியாண்டில் வந்த புதிய வரி விகிதப்படி செஸ்ஸும் சேர்த்து 88,140 ரூபாய், ஜூலையில் ஒரே தடவையில், வட்டியோடு கட்ட வேண்டிவரும். சேர்ந்த வாரத்திலேயே முந்தைய வருமான விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர்களே மாதாமாதம் பிரித்துப் பிடித்துவிடுவார்கள்.

ராஜினாமா கொடுத்த பிறகு, இருக்கும் இடத்திலேயே சம்பளம் கூட்டித் தருகிறோம் என்பார்கள். ஐயாயிரம் கூடினால் இருந்துவிடுவேன் என்பவர், வெளியே தேடுவதற்கு முன்பே மேலாளரிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும். மேலாளரின் ஏச்சோ, கற்றுக்கொள்ள எதுவும் இல்லாததோ, ஓயாத நைட் ஷிஃப்டோ காரணம் என்றால் சம்பள உயர்வால் அது மாறாது. அப்படிப்பட்டவர், கைக்கு வரும் தொகை இப்போது வாங்குவதற்குச் சமமாகவே இருந்தாலும் போகலாம் என்பதே என் கருத்து.

உங்கள் நாளிதழ் வழியாக நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆஃபர் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே, வேரியபிள் பே நீங்கலாக மாதம் கைக்கு வரும் தொகை என்று ஒரே ஒரு வரி அச்சிடுங்கள். கணினியில் ஏற்கெனவே இருக்கும் எண்தான் அது. வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும் அடிப்படைச் சம்பளத்தையும் பணியிடத்தையும் குறிப்பிடுமாறு விளம்பரதாரர்களைத் தங்கள் நாளிதழும் கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்குப் பிரிவில் பணியாற்றும் வாசகர்,
ஓசூர்.