கடல் பக்கம் இறங்கிய தீப்பந்து: பார்த்தவர்கள் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கொதிகலன் வேலை பார்க்கிறேன். கடந்த புதன்கிழமை இரண்டாம் ஷிப்டு முடிந்து மோட்டாரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு மணி 11.20 இருக்கும். தோட்டத்து மண் சாலையில் விளக்கு கிடையாது. திடீரென்று ஓரத்துச் செம்பனைகளின் நிழல் எனக்கு முன்னால் தரையில் விழுந்து, அப்படியே நகர ஆரம்பித்தது. பின்னால் லோரி வருகிறது என்று நினைத்து ஒதுங்கினேன். லோரி இல்லை. திரும்பிப் பார்த்தால், மேற்கே கடல் பக்கம் பச்சை கலந்த வெள்ளையில் ஒரு நெருப்புப் பந்து, இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் மூன்று துண்டாகி, செம்மஞ்சளாகி, மரத்தலைகளுக்குச் சற்று மேலே அணைந்துவிட்டது. மொத்தம் ஐந்து வினாடி இருந்தால் அதிகம்.

மனைவியை எழுப்பிச் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் உடனே கிளம்பிவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். இப்படி விண்ணிலிருந்து விழும் எரிகற்கள் எரிவதோ பல பத்து கிலோமீட்டர் உயரத்தில். சத்தம் இருந்திருந்தால் சில நிமிடம் கழித்துத்தான் வந்திருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

மறுநாள் பசியாறப் போன கடையில் ஒருவர் ஏவுகணை என்றார், இன்னொருவர் விமானம் கடலில் விழுந்தது என்றார். நாலைந்து இளைஞர்கள் பக்கத்துத் தோட்டத்தில் கல் தேடப் போனார்கள். தொடுவானத்தை ஒட்டி அணைந்தால் பக்கத்தில் விழுந்த மாதிரிதான் தெரியும். உண்மையில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம். புலனக் குழுவில் வந்த காணொளியில் சாலையோரம் பனி கிடந்தது! அது 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் எடுத்தது. ஏறக்குறைய 20 மீட்டர் அகலக் கல் அது. ஒளியைக் கண்டு ஜன்னலுக்கு ஓடி வந்தவர்கள் பலர், பிறகு வந்த அதிர்வலையில் கண்ணாடி உடைந்து காயப்பட்டார்கள். நாங்கள் பார்த்தது அதன் அருகில்கூட வராது.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) நடந்துபோகும்போது இப்படிப் பலமுறை பார்த்திருக்கிறார். கொள்ளி விழுந்தால் உடனே பச்சை மரத்தைப் பார், இல்லாவிட்டால் மறதி வரும் என்பார். அந்தத் தலைமுறை பார்த்த வானத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

அதனால்தான் இந்தக் கடிதம். ஒருவர் பார்த்தால் திசை மட்டும்தான் தெரியும். எனக்கு மேற்கே தெரிந்தது கிள்ளான்காரருக்கு வடமேற்கிலும் பினாங்குக்காரருக்குத் தென்மேற்கிலும் தெரிந்திருக்கலாம். அந்தத் திசைகளைக் கோடுகளாக வரைபடத்தில் போட்டால், அவை வெட்டும் இடத்தில் அது வந்த பாதை கிடைக்கும். மறுநாள் பகலில் அதே இடத்துக்குப் போய்க் கைப்பேசித் திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன்: தென்மேற்கில் தொடங்கி, நேர் மேற்கைத் தாண்டிச் சற்று வடக்கே முடிந்திருக்கிறது. உயரத்துக்குக் கையை நீட்டி முஷ்டி பிடித்தால் போதும், ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. தொடக்கம் மூன்று முஷ்டி, முடிவு ஒன்று. அனைத்துலக எரிகல் அமைப்பு பொதுமக்கள் சொல்லும் தகவலை இணையத்தில் பெற்றுக்கொள்கிறது. என் பங்கைப் பதிந்துவிட்டேன்.

தெலுக் இந்தான், சபாக் பெர்ணம், பாகான் டத்தோ வாசகர்களே, இன்னும் தூரத்தில் இருப்பவர்களே, பார்த்திருந்தால் தயவுசெய்து இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். நின்ற இடம், மணி, எந்த மரத்துக்கோ கம்பத்துக்கோ மேலே தெரிந்தது, இவ்வளவு போதும். சத்தம் கேட்டவர் யாராவது இருந்தால், ஒளி மறைந்து எத்தனை நிமிடம் கழித்துக் கேட்டது என்பதை அவசியம் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஆலைத் தொழிலாளி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்